விசிறியைத் தொடும் முன்

முத்தியால்பேட்டை,
2 நவம்பர் 2025

சரிதாவுக்கு,

இந்த விலாசத்தை உன் அம்மாதான் கொடுத்தார்கள். நான் வாய் திறந்து கேட்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன், அவ்வளவுதான். ஜெயம்மா கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "என் பொண்ணு உன்னை போன்ல பிளாக் பண்ணிட்டாளாமே? தபால்ல எப்படிப் பிளாக் பண்ணுவா? எழுது" என்று சொல்லி, சேலத்து நர்சிங் விடுதியின் விலாசத்தை என் உள்ளங்கையிலேயே பேனாவால் எழுதிவிட்டார்கள். வீடு வருவதற்குள் பாதி வியர்வையில் அழிந்துவிட்டது. திரும்பப் போய் மறுபடியும் கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே எழுதினார்கள்.

அன்று நடந்ததை நீ உன் இடத்திலிருந்து பார்த்தாய். நான் என் இடத்திலிருந்து எழுதுகிறேன். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

மணிக்கூண்டு மார்க்கெட் சுவரில் அந்த நோட்டீஸை முதலில் பார்த்தது நீ. பை, ஜிப் ரிப்பேர் செய்யும் என் அத்தாவின் கடைக்குள் ஓடிவந்து சத்தமாகப் படித்தாய். 'செம்மல் நினைவுப் பறத்தல் உதவித்தொகை. பதினாறு முதல் பத்தொன்பது வயதுவரை. எண்பது வருடப் பழைய விமானத்தில் பறக்கும் அறிமுகப் பயிற்சி. படிப்பு தடையில்லை.' யார் அந்தச் செம்மல் என்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் கேட்டு, சாயங்காலத்துக்குள் முழுக்கதையையும் கொண்டுவந்தாய். மில்லில் தறி ஓட்டிய கண்ணையன் என்பவரின் மகன். பைலட் ஆனவர். மாலா மேடம் என்ற இன்னொரு பைலட்டோடு சேர்ந்து, யாரோ கழித்துப்போட்ட இரட்டை இறக்கை விமானம் ஒன்றை வருடக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தவர். அது எழும்பிப் பறந்த அதே வருடம் மூளைக்காய்ச்சலில் போய்விட்டார். அவர் பெயரில் வருடத்துக்கு ஒரு பிள்ளையைப் பறக்க வைக்கிறார்கள்.

விண்ணப்பம் போட்டது நீ. லாஸ்பேட்டை ஏர்போர்ட் ஓரத்துக் கொட்டகைக்கு நேர்முகத்துக்கு என்னைத் துணைக்கு அழைத்துப்போனதும் நீ. வந்திருந்த எல்லாரும் விமானத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கம் போய் அதன் இறக்கையில் கை வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை. ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. மாலா மேடம் வந்து, "உனக்கும் பறக்கணுமா?" என்றார்.

"இல்ல மேடம், இவ சும்மா துணைக்கு வந்தா" என்று நீ சொன்னாய். அதே நேரத்தில் நான் "ஆமாம்" என்றேன்.

அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. மேடம் என்னையும் நேர்முகத்தில் உட்காரவைப்பார், சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் உன் பெயருக்குப் பதில் என் பெயர் வரும் என்று நினைத்தும் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு நீ அங்கிருந்து தனியாக ஆட்டோ ஏறிப்போனபோது பின்னாலேயே கூப்பிட்டேன். உனக்குக் கேட்டிருக்காது. நான் கூப்பிட்டால் யாருக்குத்தான் கேட்டிருக்கிறது?

நூரீன்


முத்தியால்பேட்டை,
16 நவம்பர் 2025

சரிதா,

பதில் வரவில்லை. தபால்காரரைத் தினமும் பார்க்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டுகிறார். ஆனாலும் எழுதுகிறேன். இதை உன்னிடம் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்வது? வீட்டில் சொன்னால் அம்மா பயந்துவிடுவார்கள்.

அதன் இறக்கை துணியால் ஆனது சரிதா. தகரம் என்றுதான் நாம் நினைத்தோம். உள்ளே மரச்சட்டங்கள், மேலே துணி, அதன் மேல் ஏதோ பசை பூசிப் பூசி முறுக்கேற்றியிருக்கிறார்கள். விரலால் தட்டினால் தவில் மாதிரி அதிர்கிறது. நேற்று கொட்டகைக் கூரையில் மழை கொட்டியபோது இறக்கையின் அடியில் நின்றேன். மழைச் சத்தம் அந்தத் துணிக்குள் இறங்கி, ரொம்பத் தாழ்ந்த குரலில் ஒரே சீராக ரீங்காரமிட்டது. மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவில் கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கின்றன. அவையும் கூடவே முனகின. யுத்த காலத்தில் செய்ததாம். அப்போது அதில் பறக்கக் கற்றவர்களில் ஒருவர்கூட இன்று இருக்கமாட்டார்கள். மரமும் துணியும் இருக்கின்றன. எனக்குப் புல்லரித்தது.

மழைக்காலம் முடியும்வரை மேலே போக முடியாது. அதுவரை சனி, ஞாயிறுகளில் தரையிலேயே பயிற்சி. ஹைதராபாத் விமானம் வந்துபோன பிறகு கொட்டகைக் கதவைத் திறப்பார்கள்.

இப்போது என் தொல்லையைக் கேள். இந்த விமானத்துக்குச் சாவி கிடையாது, பட்டன் கிடையாது, பேட்டரி கிடையாது. முன்னால் இருக்கும் மர விசிறியை ஒரு ஆள் கையால் இழுத்துச் சுற்றிவிட்டால்தான் என்ஜின் எழும்பும். அந்த ஆள் கொட்டகை மெக்கானிக் ராஜா சார். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் நான். அவர் "ஸ்விட்ச் ஆஃப்" என்பார். நான் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். "பெட்ரோல் ஆன்" என்பார். திருப்பிச் சொல்லவேண்டும். கடைசியில் "கான்டாக்ட்" என்பார். அதையும் திருப்பிச் சொல்லிவிட்டு ஸ்விட்சை மேலே தள்ளவேண்டும். அவர் காதில் என் குரல் விழாதவரை விசிறியைத் தொடமாட்டார். அதுதான் சட்டம்; ஸ்விட்ச் போட்டிருப்பது தெரியாமல் தொட்டால் விசிறி சுழன்று கையை வெட்டிவிடும். தலையாட்டினால் போதாதா என்று மேடத்திடம் எழுதிக் காட்டினேன். "தலையை நம்பி யாரும் கையை வைக்கமாட்டாங்க" என்றார்.

என் குரல் வாயைத் தாண்டவில்லை. என்ஜின் ஓடாத வெறும் ஒத்திகைதான், அதற்கே வரவில்லை. "எனக்குக் கேக்கல" என்று ராஜா சார் இரண்டடி பின்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குகிறார். மூன்று தடவை அப்படி ஆனால், "சரி பாப்பா, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விடுகிறார். "ராஜாவுக்கு சுகர் வந்தா அது உன் கணக்குதான்" என்கிறார் மேடம்.

பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பது நினைவுக்கு வந்தது. என் பெயரைக் கூப்பிட்டதும் "வந்திருக்கா மிஸ்" என்று நீ கத்துவாய். பத்தாவதுக்குப் பிறகு உன்னை வேறு வகுப்பில் போட்டார்கள். வந்து உட்கார்ந்திருந்த நாட்களிலேயே எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. எழுந்து நின்று பார்த்தேன், அப்போதும் எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவின் கடையில் உட்காரப்போகிறேன் என்று பள்ளியிலிருந்து நின்றுவிட்டேன். கடைக்கு ஆள் வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். கடைக்கு ஆள் தேவைப்படவில்லை என்பது உனக்கு மட்டும் தெரியும்.

இந்தத் தடவை பொங்கலுக்கு முந்தின ஞாயிறன்று செம்மல் அண்ணனின் பிறந்தநாள் வருகிறது. வருடா வருடம் அன்றுதான் முதல் பறத்தல். அதற்குள் என் குரல் வராவிட்டால் காத்திருப்பில் உள்ள அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும்.

நூரீன்


சேலம்
23.11.25

நூரீன்,

ரெண்டு லெட்டரும் வந்துச்சு. முதல் லெட்டரைப் படிக்காமலேயே கிழிச்சேன். என் ரூம்மேட் வசந்தா இருக்காளே, அவ துண்டையெல்லாம் பொறுக்கி செல்லோடேப் போட்டு ஒட்டி, முதல்ல அவ படிச்சா. படிச்சிட்டு, "பாவம்டி" ன்னா. அப்புறம்தான் நான் படிச்சேன். பாவமா? யாரு பாவம்?

நீ இடத்தைப் புடிச்சிட்டேன்னு எனக்குக் கோபம்னு நினைச்சுக்கிட்டிருக்கே. அது கோபம்தான், இல்லேன்னு சொல்லமாட்டேன். மொட்டைமாடியில மல்லாந்து படுத்துக்கிட்டு ஒவ்வொரு பிளேனுக்கும் கை காட்டினவ நான். நீ பக்கத்துல உக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டிருந்தே.

ஆனா என் வயித்தெரிச்சல் அது இல்ல. ஒண்ணாங் கிளாஸ்லேருந்து நான்தான்டி உனக்கு வாய். பஸ்ல டிக்கெட் நான் கேப்பேன். ஆஸ்பத்திரியில உனக்கு எங்க வலின்னு நான் சொல்லுவேன். உன் பெருநாள் துணிக்கு டெய்லர்கிட்ட அளவு சொன்னதுகூட நான். உன்னால முடியாது, அதனால நான் பேசுறேன்னு நினைச்சேன். அன்னிக்கு அந்தம்மா கேட்டதும் டக்குனு "ஆமாம்" னே. சுத்தமா, கணீர்னு. அப்படின்னா இத்தனை வருஷம் எங்க வெச்சிருந்தே அதை? நீ வாய் திறக்கலேன்னு எனக்கு என்னிக்கும் கோபம் வந்ததில்ல. திறந்தேன்னுதான் கோபம். அதுவும் முதல் தடவை திறந்தது என் பேச்சை மறிக்க.

இங்க எனக்கு நேரமே இல்ல. விடிஞ்சா வார்டு, அடைஞ்சா ரெக்கார்டு எழுதுறது. இனிமே எழுதாதே.

சரிதா

அந்த ராஜா சார் ஏன் டீ குடிக்கப் போறாரு? சும்மா நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதானே. நீ ரொம்ப சீக்கிரம் விட்டுக்குடுக்கிற ஆளுன்னு கண்டுபுடிச்சிட்டாரு போல.


முத்தியால்பேட்டை,
30 நவம்பர் 2025

சரிதா,

எழுதாதே என்று நீ எழுதியதற்கு மட்டும் பதில்.

நீ சொன்னதெல்லாம் சரி. எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கும் தெரியவில்லை. நீ என் பக்கத்தில் இருந்தபோது எனக்கு அது தேவைப்படவில்லை. இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் உன்மேல் பழி போடுவதுபோல் இருக்கிறது. அப்படியில்லை. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஒன்று தெரிந்தது. ராஜா சார் வாய்தவறிச் சொன்னார்: "அந்த சேலத்துப் பொண்ணு பொங்கலுக்கு முன்னாடியே வந்தா மூணு நாள்ல முடிச்சிடலாம் மேடம், அதுக்கு வாய் இருக்கு." மேடம் அவரை முறைத்தார். காத்திருப்பில் இருக்கும் அடுத்த ஆள் நீதான். மேடம் உன்னிடம் முன்பே போனில் பேசியிருக்கிறார். என் கடிதத்துக்குப் பதில் எழுதியபோது உனக்கு இது தெரியும். நீ சொல்லவில்லை.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். மழையால் அடுத்த வாரம் வகுப்பு இல்லை. பதிமூன்றாம் தேதி போய், என்னால் முடியவில்லை, சரிதாவைக் கூப்பிடுங்கள் என்று மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிடுவேன். அது உன் இடம். நோட்டீஸைப் பார்த்தது நீ. மாடியிலிருந்து கை காட்டியது நீ.

இறக்கையில் கை வைத்ததே எனக்குப் போதும். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நூரீன்


சேலம்
9.12.25

அடியேய் லூசு,

இது ஸ்பீட் போஸ்ட். பதிமூணாம் தேதிக்குள்ள உன் கையில சேரணும்னு வார்டுலேருந்து ஓடிப்போய்ப் போட்டேன். ஹாஸ்டல் வார்டன்கிட்ட திட்டும் வாங்கினேன். எல்லாம் உன்னால.

பிச்சையாடி போடுறே எனக்கு? 'இறக்கையில் கை வைத்ததே போதும்.' யார்கிட்ட இந்தக் கதை? போதும்னா ஏன் மழை பெய்யறப்போ அதுக்கு அடியில போய் நின்னே? ஒரு பக்கம் முழுக்க அதைப் பத்தி எழுதியிருக்கே. வசந்தா அதை மூணு தடவை படிச்சிட்டு, நாமளும் அங்க ஒரு நாள் போகணும்டீங்கறா.

அந்த இடம் எனக்கு வேணும்தான். மேடம் போன் பண்ணப்போ, நீ தோத்துப்போகணும்னு ஒரு நிமிஷம் வேண்டிக்கிட்டேன். போதுமா? ஆனா நீ வாயே திறக்காம தோத்து, அதுல எனக்குக் கிடைச்சா, நான் மேல போய்ச் சந்தோஷமா உக்காந்திருப்பேனா?

இப்போ நான் சொல்றதைக் கவனி. போன வாரம் என்னை வார்டை விட்டு வெளிய அனுப்பிட்டாங்க. இங்க சீனியர் சிஸ்டர் ஒரு மருந்து பேரும் அளவும் சொன்னா, நாம அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். நான் "சரிங்க சிஸ்டர், தெரியும் சிஸ்டர்" னு பேசிக்கிட்டே ஊசியை எடுத்தேன். என் கையைப் புடிச்சு நிறுத்தினாங்க. "நீ நல்லா பேசுறே. ஆனா நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? படுத்திருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?" ன்னு கேட்டாங்க. அன்னிக்கு முழுக்க வராண்டாவுல உக்காந்திருந்தேன். வாய் இருந்து என்ன பிரயோஜனம்னு யோசிச்சேன். அப்போ உன் ராஜா சார் ஞாபகம் வந்துச்சு.

உனக்குக் குரல் இருக்குடி. நான் கேட்டிருக்கேன். எட்டாவது படிக்கறப்போ சோலை நகர் கடற்கரையில அலை என்னைப் புரட்டி இழுத்துட்டுப் போச்சே. "சரிதா!" ன்னு ஒரு சத்தம். வலை காயவெச்சிக்கிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பி ஓடி வந்தாங்க. நீ கத்தினேன்னு உனக்கே தெரியாது. நான் தண்ணிக்குள்ள இருந்து கேட்டேன்.

நீ என்ன பண்றே, எல்லாரும் உன்னைப் பாக்குறாங்கன்னு நினைச்சு வாயைத் திறக்கிறே. உன்னை யாரும் பாக்கல. அந்த மனுஷன் தன் கையை விசிறிக்கு நடுவுல வெக்கிறாரு. நீ பதில் சொல்லலேன்னா அந்தக் கை என்ன ஆகும்? உன்னைப் பத்தி நினைக்காதே. கையைப் பாரு. நேரா அந்தக் கையை மட்டும் பாரு.

பதிமூணாம் தேதி நீ எதையாவது எழுதிக் குடுத்தேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் தபால்லயும் பிளாக் பண்ணிடுவேன். விலாசத்தை மாத்திக்கிட்டுப் போயிடுவேன்.

சரிதா


முத்தியால்பேட்டை,
14 டிசம்பர் 2025

சரிதா,

எழுதிக் கொடுக்கவில்லை. தாள் இன்னும் என் பையில் இருக்கிறது. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது.

நேற்று ராஜா சார் விசிறியின் முன் வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். இடது கையில் ஒரு தழும்பு இருக்கிறது. கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை. இத்தனை நாள் கவனிக்கவில்லை. விசிறியின் ஓரத்தில் பித்தளைத் தகடு அடித்திருக்கிறது. அந்தத் தகடும் அந்தக் கையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவர் "ஸ்விட்ச் ஆஃப்" என்றார்.

"ஸ்விட்ச் ஆஃப்!"

கொட்டகைக் கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் பறந்தன. நான் கதை விடவில்லை. மேடம் டீ டம்ளரோடு வெளியே வந்து பார்த்தார். ராஜா சார் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல "பெட்ரோல் ஆன்" என்றார். அவர் நிறுத்தாமல் தொடர்ந்தது எவ்வளவு நல்லது தெரியுமா? கைதட்டியிருந்தால் நான் செத்திருப்பேன்.

ஒத்திகை முடிந்ததும் மேடம், "இன்னிக்கு மழை இல்ல. நிஜமாவே ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமா?" என்றார். விமானத்தை வெளியே தள்ளிக் கொண்டுபோய்ப் புல்லில் நிறுத்தினோம். அவ்வளவு பெரிய பொருள், இரண்டு பேர் தள்ளினால் நகர்கிறது. மேடம் முன் இருக்கையிலும் நான் பின் இருக்கையிலும் உட்கார்ந்தோம். ராஜா சார் "கான்டாக்ட்" என்றார். நான் சொன்னேன். ஸ்விட்சைத் தள்ளினேன். அவர் விசிறியை ஒரு இழு இழுத்துவிட்டு அப்படியே பின்னால் நடந்து போனார்.

சரிதா, அது உயிர்பெறுவதை நான் எப்படி எழுதுவது? முதலில் ஒரு இருமல். நீலப் புகை. விசிறி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அது இருந்த இடத்தின் வழியாக எதிரே இருக்கும் தென்னைகள் தெரிந்தன. இருக்கை, என் முதுகு, என் பல் எல்லாம் நடுங்கின. துணியெல்லாம் விறைத்துக்கொண்டது. இவ்வளவு நாள் நான் தடவிக்கொண்டிருந்தது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எழுப்பியது ராஜா சாரின் கையும் என் வாயும். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நம்பி ஒரு மனிதர் கையை வைத்திருக்கிறார்.

இறங்கியதும் ராஜா சார் சொன்னது இவ்வளவுதான்: "இனிமே எனக்கு டீ கிடையாதா?"

நான் ஜெயித்துவிட்டதாக எழுத எனக்குக் கை வரவில்லை. உன் இடத்தை உன் யோசனையை வைத்தே பிடித்துக்கொண்டேன். அதை நான் எப்படித் திருப்பித் தருவது?

நூரீன்


சேலம்
22.12.25

நூரீன்,

மேடம் போன் பண்ணாங்க. இந்த வருஷம் இடம் இல்லம்மான்னு சொன்னாங்க. "இந்த வருஷம் இடம் இல்ல மேடம்" னு திருப்பிச் சொன்னேன். வார்டு பழக்கம். அவங்களுக்கு ஒண்ணும் புரிஞ்சிருக்காது.

அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். உன்கிட்ட பொய் சொல்லமாட்டேன். நல்லா அழுதுட்டு வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பொங்கலுக்கு எனக்கு லீவு இல்ல. டியூட்டி போட்டுட்டாங்க. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.

திருப்பித் தர்றது, அது இதுன்னு எழுதாதே. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். மேல போனதும் எனக்காகப் பாக்குறேன்னு எதையும் பாக்காதே. உனக்காகப் பாரு. கீழ வந்ததும் ஒண்ணு விடாம எழுது.

சரிதா


முத்தியால்பேட்டை,
11 ஜனவரி 2026

சரிதா,

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையில் அம்மா எனக்காக ஒரு பருத்தித் தொப்பி தைத்துக் கொடுத்தார்கள். முக்காட்டை அதற்குள் அடக்கி, அதன் மேல் தோல் ஹெல்மெட். கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. அத்தா கடையை மூடிவிட்டு வண்டியில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்பாயே, அங்கிருந்துதான். இறங்கும்போது மட்டும், "கெட்டியா புடிச்சுக்கோம்மா" என்றார். எதை என்று சொல்லவில்லை.

செம்மல் அண்ணனின் அப்பா கண்ணையன் ஐயா வந்திருந்தார். தறிச் சத்தத்தில் அவர் காது எப்போதோ போய்விட்டது. மாலை, படம் எதுவும் இல்லை. அவர்கள் வழக்கம் வேறு. விமானம் நகராமல் இருக்கச் சக்கரத்துக்கு முன் மரக்கட்டை வைப்பார்கள். இந்த ஒரு நாள் மட்டும் அந்தக் கட்டையை எடுப்பது அவர்தான்.

நான் ஏறி உட்கார்ந்தேன். மேடம் முன்னால். ராஜா சார் விசிறிக்கு வந்தார். அந்த நேரத்தில், பொய் சொல்லக்கூடாது, திரும்பி உன்னைத் தேடினேன். பழக்கம். நீ இல்லை. ராஜா சாரின் கை இருந்தது.

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. என்ஜின் பிடித்துக்கொண்டது.

கண்ணையன் ஐயா குனிந்து கட்டையை இழுத்தார். நிமிர்ந்து என்னிடம் ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. ஆனால் உதடு தெரிந்தது. "போய்ட்டு வா." நானும் "போய்ட்டு வரேன்" என்று கத்தினேன். அவருக்கும் கேட்டிருக்காது. தலையை ஆட்டினார்.

புல்லில் குதித்துக் குதித்து ஓடினோம். பிறகு குதிப்பது நின்றது. அவ்வளவுதான் சரிதா, வேறெதுவும் நடக்கவில்லை. குதிப்பது நின்றது, பூமி கீழே போய்க்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சாலையில் பிள்ளைகள் கை காட்டினார்கள். ஒரு ஆட்டோவின் பக்கத்தில் ஒரு ஆள் மட்டும் கை காட்டாமல் நின்றிருந்தார். அதுகூடத் தெரியும் உயரம்தான். பிறகு தெரியவில்லை.

முதலில் மொட்டைமாடிகள். எத்தனை தண்ணீர்த் தொட்டிகள்! கறுப்புத் தொட்டிகளின் ஊர் நம்முடையது. மணிக்கூண்டு ஒரு சதுரங்கக் காய் அளவுக்கு இருந்தது. நம் பள்ளிவாசல் மினார் அதன் நிழலைத் தெருவில் சாய்த்து வைத்திருந்தது. நம் தெருவைக் கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் மாடியில் ஜெயம்மா பழைய பாயை உதறிக்கொண்டிருந்தார்கள், போகிக்காக இருக்கும். ஒரு எறும்பு ஒரு அரிசியைத் தூக்குவதுபோல. இத்தனை வருடம் நான் பேசப் பயந்த அத்தனை பேரும் அந்தக் கூரைகளுக்கு அடியில் இருந்தார்கள்.

பிறகு கடல் வந்தது. கடலைத் தினமும் பார்க்கிறோம், ஆனால் அதன் விளிம்பைத்தான் பார்த்திருக்கிறோம். கரையோரம் கலங்கல், அதை ஒட்டிப் பச்சை, அதற்கப்பால் கருநீலம், அதற்கப்பால் வானமா கடலா என்று சொல்லமுடியாத ஒன்று. நேர்கோடு போட்டதுபோன்ற தெருக்கள் எல்லாம் ஓடிவந்து அதன் முன்னால் நின்றுவிட்டன. பழைய கலங்கரை விளக்கம் வெள்ளையாக, சுண்ணாம்புக் குச்சிபோல. இறக்கைக் கம்பிகளில் காற்று ஒரு சுருதி வைத்திருந்தது. முகம் குளிர்ந்தது. கண்ணில் மாட்டியிருந்த காற்றுக்கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தது, அழுகையா காற்றா என்று எனக்குத் தெரியாது.

அந்த விமானத்தில் பேச ஒரு ரப்பர் குழாய்தான். மேடத்தின் குரல் அதன் வழியாகக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "உன் கையில."

அதையும் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் விமானம் யார் கையிலும் இல்லாமல் போய்விடும். "என் கையில" என்றேன். மேடம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். சரிதா, அந்த முழு விமானமும், யுத்தத்தில் செய்த மரமும் துணியும், செம்மல் அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து உயிர்கொடுத்த அந்த விமானம், என் இரண்டு விரல்களின் நடுவில், அதைத் திருப்பும் தடியில், மூச்சு விட்டது. வலப்பக்கம் நினைத்தேன். வலப்பக்கம் சாய்ந்தது. பிடிக்கக்கூடத் தேவையில்லை. ஒரு குருவியைக் கையில் வைத்திருப்பதுபோல வைத்திருந்தேன்.

கீழே இறங்கியதும் மேடம் ஹெல்மெட்டைக் கழற்றி, காதைத் தேய்த்துக்கொண்டே, "ஏம்மா, உனக்குப் பேச்சு வராதுன்னு யார் சொன்னது?" என்றார். குழாய் வழியாக வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தேனாம். கறுப்புத் தொட்டி, ஜெயம்மா பாய், கடல் என்று ஒன்று விடாமல். எனக்கு நினைவே இல்லை. மேடத்திடம் சொல்வதாக நினைத்துச் சொல்லியிருக்கமாட்டேன்.

உனக்காக நான் எதையும் பார்க்கக்கூடாது என்றாய். எனக்காகத்தான் பார்த்தேன். ஆனால் சொன்னது உன்னிடம்தான் என்று நினைக்கிறேன்.

நூரீன்


சேலம்
16.1.26

நூரீன்,

ஆட்டோ பக்கத்துல கை காட்டாம நின்னது நான்தான்.

சனிக்கிழமை வார்டு முடிஞ்சு பஸ் ஏறினேன். விடியறப்போ இறங்கி நேரா லாஸ்பேட்டைக்கு வந்துட்டேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, அவங்க பாய் உதறின கதையை உன் லெட்டர்லதான் படிச்சேன். மத்தியான பஸ்ல திரும்பிட்டேன்.

உள்ள ஏன் வரலேன்னு கேப்பே. நான் அங்க நின்னா நீ திரும்பி என் வாயைப் பாப்பே. எனக்குத் தெரியும்டி. நீ திரும்பித் தேடினதையும் வேலிக்கு இந்தப் பக்கத்துலேருந்து பாத்தேன். என் வாயைக் கையால பொத்திக்கிட்டு நின்னேன். ஆட்டோக்காரர், "என்னம்மா, வாந்தி வருதா?" ன்னாரு.

அப்புறம் "கான்டாக்ட்" னு ஒரு சத்தம் வந்துச்சு. காத்து என் பக்கம் அடிச்சுது. அவ்வளவு தூரம், வேலி தாண்டி, ரோடு தாண்டி வந்துச்சு. தண்ணிக்குள்ள கேட்டேனே, அதே குரல். ஆட்டோக்காரர், "யாரும்மா அது?" ன்னு கேட்டாரு. எனக்குப் பதில் சொல்ல வரல. எனக்கு! நீயே சொல்லு, என்னிக்காவது அப்படி ஆகியிருக்கா?

கை காட்டணும்னு தோணல. கையை எடுத்தா அழுதுடுவேன்னு இருந்துச்சு. அது சின்னதாகி, புள்ளியாகி, சத்தமும் போனதுக்கப்புறம், அந்த வார்த்தையை நானும் ஒரு தடவை மெதுவா திருப்பிச் சொன்னேன்.

உன் நம்பரை பிளாக்லேருந்து எடுத்துட்டேன். இந்த லெட்டர் கைக்கு வந்ததும் கூப்பிடு. நான் ஹலோ சொல்லமாட்டேன். நீ முதல்ல பேசு. நீ சொல்றதை நான் திருப்பிச் சொல்றேன்.

சரிதா